தாய்ப்பத்திரத்தில் இல்லாத பெயர்கள்

புதுப்பாளையம்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சிங்கப்பூரில் மழை விடவில்லை என்று சொன்னாய். பாப்பாவுக்கு இருமல் தேவலையா?

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். சிதம்பரம் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது, விலையும் பரவாயில்லை, முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அதே நாளில் பாப்பாவும் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சொந்த ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார்களாம். "அத்தை, கடலூர்ல ஒரு கோட்டை இருக்காமே, அது யாரோடது?" என்று கேட்டாள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் பட்டது. போனில் பேசினால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள், விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி. கோட்டையைப் பற்றி எழுதியதைப் பாப்பாவுக்கு வாசித்துக் காட்டு.

வீட்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன்னால் வந்து பார்த்துக்கொள்ள முடியாது, எனக்கும் கடலூரிலிருந்து சிதம்பரம் போய்வர முழங்கால் இடம்கொடுக்கவில்லை. பூட்டிக் கிடந்து ஓடு சரிவதைவிட யாராவது வாங்கிப் புழங்குவது நல்லது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் நீ எனக்கு ஒன்று செய்யவேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் கோட்டைக் கதையைப் படித்த பிறகுதான் நான் ஏன் கேட்கிறேன் என்பது உனக்குப் புரியும்.

பதிவுத்துறையில் உத்தியோகம் பார்த்தவள் நான். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் தாய்ப்பத்திரம் எங்கே, யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள், வில்லங்கம் உண்டா என்றுதான் புத்தி போகும். தேவனாம்பட்டினம் கோட்டையையும் அப்படித்தான் படித்தேன். அப்படிப் படித்தால் அதைப் போலக் கை மாறிய சொத்து நம் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

உனக்கு இடம் ஞாபகம் இருக்கும். வெள்ளி கடற்கரைக்குப் போகிற பக்கம், கெடிலம் கடலில் போய்ச் சேரும் இடத்துக்கு அருகில். இன்று அங்கே கோட்டை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. செங்கல் சுவரின் மிச்சங்கள், மண்மேடு, அகழி இருந்ததன் அடையாளமாக ஒரு பள்ளம், மேலே முள்ளும் கொடியும். கடற்கரைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்தச் செங்கல் குவியல் ஆறு வருஷ காலம் தென்னிந்தியாவில் ஆங்கிலேயக் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கோட்டைக்கு முன்பே அந்த ஊருக்கு வியாபாரம் உண்டு. செஞ்சி நாயக்கர் காலத்தில், 1608 வாக்கிலேயே, டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் பண்டகசாலை வைக்க அனுமதி வாங்கிவிட்டார்கள். நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்குக் கிழக்கே ஜாவா, சுமத்ரா வரைக்கும் கிராக்கி. மிளகும் கிராம்பும் வாங்க டச்சுக்காரன் கொண்டுபோன நாணயமே நம் துணிதான். பிற்பாடு அங்கே ஒரு சிறிய கோட்டை எழுந்தது. அதைக் கட்டியவர் உள்ளூர்ச் செட்டியார் ஒருவர் என்று பழைய கெசட்டியர்கள் சொல்கின்றன. ராஜா இல்லை, படைத்தலைவரும் இல்லை. தன் சரக்கைக் காப்பாற்ற ஒரு வியாபாரி கட்டிய மதில் வைத்த வீடு என்றே நான் அதை நினைத்துக்கொள்வேன். சின்னய்யச் செட்டி என்று பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. அவர் எங்கே பிறந்தார், எவ்வளவு செலவு செய்தார், அவர் வீட்டார் என்ன ஆனார்கள் என்று நான் படித்தவற்றில் ஒரு வரியும் இல்லை. முதல் சொந்தக்காரரின் கதி இது. இதை மனதில் வைத்துக்கொள்.

1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். அதோடு இந்தக் கரையும் மராட்டியர் கைக்குப் போயிற்று. சிவாஜி போனார், மூத்த மகன் சாம்பாஜியும் போனார். சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டைக்குள் வந்து தங்கினார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் தன் தளபதி சுல்பிகர்கானை அனுப்பினார். முற்றுகை 1690-ல் தொடங்கி 1698 வரை இழுத்தது. படைக்குச் சம்பளம் வேண்டும், தானியம் வேண்டும். அந்த நெருக்கடியில்தான் 1690-ல் ராஜாராம் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார்.

வேலையில் இருந்தபோது இப்படி விற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெண் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, கடன்காரன் வாசலில். அவசரத்துக்கு விற்கிறவர் எல்லைக்கோட்டைப் பற்றி வாதாடமாட்டார். வாங்குகிறவருக்கு அது தெரியும். வாங்கியவர் சென்னைக் கோட்டையின் கவர்னர் எலிஹு யேல்.

இப்போது அந்தக் கிரயத்தின் சொத்து விவரத்தைக் கேள். நம் பத்திரங்களில் செக்குபந்தி எப்படி இருக்கும்? வடக்கே இன்னார் மனை, தெற்கே வாய்க்கால், கிழக்கே தெரு, மேற்கே இன்னார் தோட்டம், இதற்குட்பட்ட இத்தனை சதுரடி. அந்தக் கிரயத்தில் எல்லை என்ன தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம். அதற்குள் அடங்கிய நிலம், ஊர் எல்லாம் கம்பெனிக்கு. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். மருந்து எப்படிக் கெட்டித்து எப்படிச் சுட்டால் தூரம் கூடும் என்பது பீரங்கிக்காரன் சாமர்த்தியம் என்றும் எழுதினார்கள். நாலா திசையும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூர்ப் பட்டணமே அடங்கிவிட்டது. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று வெகுகாலம் பெயர் இருந்தது.

எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த ஊர்க்காரர்களைத்தான் நினைக்கத் தோன்றும். செப்டம்பர் மாதம். ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர், தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவர், கெடிலத்தில் துணி வெளுத்துக்கொண்டிருந்தவர். எங்கோ வெடிச்சத்தம் கேட்டிருக்கும், தூரத்தில் மண் கிளம்பியிருக்கும். அவ்வளவுதான், அவர்களுடைய தீர்வையும் நியாயமும் வேறு ஆளின் கைக்குப் போய்விட்டது. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கிரயம் நடந்தால் அந்த இடத்தில் குடியிருப்பவருக்கு அறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்று இன்றைக்கு நாம் பேசுகிறோம். அந்தப் பேச்செல்லாம் எத்தனை கிராமத்துச் செலவில் வந்தது என்று பார்.

யேல் வேல்ஸ் நாட்டு வம்சம். அந்த நாட்டுப் புனிதர் தாவீது பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள்: செயின்ட் டேவிட் கோட்டை. இரண்டு வருஷத்தில், 1692-ல், யேலுக்குக் கவர்னர் வேலை போயிற்று. அவர் பெயரில் ஊழல் புகார்கள். அவர் காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக அடிமைகளை ஏற்றி அனுப்பியதும் கோட்டைப் பதிவுகளில் இருக்கிறது. ஆனாலும் மனுஷன் பெரும் பணக்காரராகத்தான் ஊர் திரும்பினார். 1718-ல் அமெரிக்காவில் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் ஒரு ராஜா படமும் அனுப்பினார். சரக்கை விற்று வந்த 562 பவுனில் கட்டடம் எழும்பியது. கல்லூரி அவர் பெயரையே வைத்துக்கொண்டது. பாப்பாவுக்கு யேல் பல்கலைக்கழகம் தெரிந்திருக்கும். அதன் பெயருக்கு உரியவர்தான் நம் கெடிலக்கரையையும் குண்டு போட்டு அளந்து வாங்கினார் என்று சொல். கட்டிய செட்டியாருக்கு ஒரு தெருப்பெயர்கூட இல்லை.

பிறகு கோட்டை வளர்ந்தது. சண்டைகளும் வந்தன. 1710-ஐ ஒட்டிச் செஞ்சிக் கோட்டையின் கில்லேதார் சொரூப்சிங்கோடு மோதல். நம் ஆயா மார்கழிக் குளிரில் தேசிங்குராஜன் கதை சொல்வாளே, அந்தத் தேசிங்கின் தகப்பனார்தான் இவர். 1725-க்குப் பிறகு மதில்களை நன்றாகப் பலப்படுத்தினார்கள். உள்ளே அவர்களுடைய முக்கிய வேலை துணி வாங்குவது. நெசவாளருக்கு வியாபாரிகள் வழியாக முன்பணம், குறித்த நீள அகலத்தில் துணி, சலவை, பொதி கட்டிக் கப்பலேற்றுவது. கோட்டைச் சுவர் எழுந்தது அந்தத் துணிக்காசில்.

1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும் ஆங்கிலேயருக்கு இந்தக் கரையில் தலைமை வைக்க இடம் கடலூர்தான் என்று ஆயிற்று. 1752 வரை இங்கிருந்துதான் எல்லாம். மாறுவேஷத்தில் சென்னையிலிருந்து தப்பி வந்த கணக்கெழுதும் பையன் ராபர்ட் கிளைவ், எழுதுகோலை வைத்துவிட்டு வாளை எடுத்தது இங்கே. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்கு இந்தக் கோட்டை தொண்டையில் சிக்கிய முள். திரும்பத் திரும்பப் படை அனுப்பினார், ஒரு தடவையும் பிடிக்க முடியவில்லை. அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நாள் தவறாமல் தமிழில் எழுதிவைத்தாரே, அந்த நாட்குறிப்பில் தேவனாம்பட்டணம் என்ற பெயர் வந்துகொண்டே இருக்கும். நம் ஊர்ச் சண்டையை நம் பாஷையில் எழுதியவர் எதிர்த்தரப்பில் இருந்தார். அதனாலென்ன, எழுதினாரே. அவர் இல்லையென்றால் அந்தக் காலத்தை லண்டன் கடிதங்களில் மட்டும்தான் படித்துக்கொண்டிருப்போம்.

கோட்டைக்கு வெளியே மஞ்சக்குப்பத்தில் கவர்னருக்குத் தோட்டத்தோடு ஒரு வீடு. கார்டன் ஹவுஸ் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதே இடம். 1746 டிசம்பரில் டி பூரி என்கிற தளபதியின் பிரெஞ்சுப் படை பெண்ணையாற்றைக் கடந்து வந்து இந்த வீட்டையும் தோட்டத்தையும் பிடித்துக்கொண்டது. மதில் சூழ்ந்த தோட்டம், பாதுகாப்பான இடம் என்று நினைத்தார்கள். நடந்த களைப்பில் சமைக்கவும் இளைப்பாறவும் உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆற்காட்டு நவாபின் மகன்கள் மாபூஸ்கானும் முகமது அலியும் குதிரைப்படையோடு வந்து விழுந்தார்கள். பிரெஞ்சுப் படை சட்டி பானை மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆற்றைப் பார்த்து ஓடியது. மைதானத்தில் கண்காட்சி நடக்கும்போது நாம் பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டு அந்தப் பக்கம்தான் திரிந்தோம்.

கார்டன் ஹவுஸைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். கிளைவ் தென்னார்க்காடு கலெக்டராக இருந்தபோது குடியிருந்த வீடு என்று ஊரில் சொல்வார்கள், அச்சிலும் அப்படியே வந்திருக்கிறது. கிளைவ் இங்கே கலெக்டராக இருந்ததே இல்லை. 1756-ல் செயின்ட் டேவிட் கோட்டையின் கவர்னர் ஆனார், சில மாதத்தில் வங்காளத்துக்குக் கப்பலேறினார், அடுத்த வருஷம் பிளாசி. 1774-ல் இறந்தும் போனார். தென்னார்க்காடு கம்பெனி கைக்கு வந்ததே 1801-ல்தான். பிற்பாடு கலெக்டர்கள் அங்கே குடியிருந்தார்கள், அதனால் பெரிய பெயருக்குப் பின்னால் பதவியையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். பாப்பா எழுதும்போது இந்த இடத்தில் கவனமாக இருக்கச் சொல்.

எனக்குக் கிளைவ் படுத்த அறையைவிட அந்த வீட்டின் கூரைதான் முக்கியம். மரமும் இல்லை, இரும்பும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் மட்டும். உத்திரம் இல்லாமல் செங்கல்லைச் செங்கல் தாங்கி நிற்கும்படி வளைத்துக் கட்டவேண்டும். சுண்ணாம்பைச் சுட்டுத் தண்ணீர் தெளித்துப் பூக்க வைத்து, நாள்கணக்கில் ஊறப் போட்டு, மணலோடு அரைத்து, பதம் தப்பாமல் எடுத்துக் கொடுத்தால்தான் அது பிடிக்கும். ஒரு கலவை பதம் தவறினால் கூரை விரிசல் விடும். நின்றிருக்கிறது என்றால் அரைத்த பெண்களுக்கும் பூசிய கொத்தனாருக்கும் வேலை தெரிந்திருக்கிறது. கவர்னர் பெயர் வரிசையாகத் தெரியும், தளபதிகள் பெயர் தெரியும். அந்தக் கொத்தனார் எந்த ஊர், அவர் பிள்ளைகள் எங்கே, யாருக்கும் தெரியாது.

கோட்டைக் கதைக்கு வருகிறேன். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பெரும்படையோடு வந்து முற்றுகையிட்டார். ஜூன் 2-ந் தேதி கோட்டை விழுந்தது. பிடித்தவர் வைத்துக்கொள்ளவில்லை. வெடி வைத்து மதில்களைத் தகர்த்தார். துய்ப்ளேயால் உள்ளே நுழைய முடியாத கோட்டையை லாலி மண்ணோடு மண்ணாக்கினார். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கே கோட்டையையும் ஊரையும் அதேபோல இடித்துப் பழி தீர்த்தார்கள். லாலியைப் பாரிஸில் தேசத்துரோகி என்று சொல்லி 1766-ல் தலையை வெட்டினார்கள். இரண்டு பக்கமும் கட்டியதும் நம் கொத்தனார்கள், இடிந்து விழுந்ததும் நம் கொத்தனார்களின் வேலை.

அதற்குப் பிறகும் கைமாற்றம் நிற்கவில்லை. 1760-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் கடலூரை மீட்டார். 1782-ல் மைசூர் ஹைதர் அலி துணையோடு பிரெஞ்சுக்காரர் திரும்பப் பிடித்தார்கள். 1783 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட் தரையில் முற்றுகை, கடலில் பிரெஞ்சு சுஃப்ரேனும் ஆங்கிலேய ஹியூஸும் பீரங்கிச் சண்டை. ஆயிரக்கணக்கில் ஆள் மடிந்துகொண்டிருக்கும்போது ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். 1785-ல் கடலூர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. அதற்குள் எல்லாம் சென்னைக்குப் போய்விட்டது, இடிந்த கோட்டை யாருக்கும் வேண்டாத சொத்தாகிவிட்டது.

ஆக, பாப்பாவின் கேள்விக்கு வில்லங்கச் சான்று மாதிரி ஒரு பட்டியல் கொடுக்கலாம்: செட்டியார், மராட்டியர், கம்பெனி, பிரெஞ்சுக்காரர், மறுபடி கம்பெனி, மறுபடி பிரெஞ்சுக்காரர், மறுபடி கம்பெனி. ஆனால் அந்தக் கரையில் இத்தனை பேருக்கும் முன்னாலிருந்து இன்றுவரை இருப்பவர்கள் தேவனாம்பட்டினத்து மீனவர்கள். 1749 ஏப்ரலில் அடித்த புயலில் 'நமூர்' என்கிற ஆங்கிலேயப் போர்க்கப்பல் இந்தக் கோட்டைக்கு எதிரே கடலில் மூழ்கி ஐந்நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அது எழுத்தில் இருக்கிறது. அன்றைக்குக் கட்டுமரம் ஏறிப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பவில்லை என்று எழுத்தில் இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் அலை ஏறி வந்தபோது அந்தக் குப்பம் பட்ட பாட்டை நீயும் நானும் கண்ணால் பார்த்தோம். பிறகு தானே புயல். அவர்கள் திரும்ப அதே மணலில்தான் வலையை விரித்தார்கள். சட்டத்தில் அனுபவ பாத்தியம் என்று ஒன்று உண்டு. நீண்டகாலச் சுவாதீனத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் கோட்டைக்கரை அவர்களுடையது என்றுதான் நான் சொல்வேன். பாப்பா அப்படியே எழுதட்டும். வாத்தியார் கேட்டால் அத்தை சொன்னாள் என்று சொல்லச் சொல்.

சிதம்பரத்துக்கு வருகிறேன். நம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து வடக்குக் கோபுரம் தெரியும், கோயில் மதிலும் தெரியும். அந்த மதிலும் கோட்டையாக இருந்திருக்கிறது என்று அப்பா சொன்னபோது நீ நம்பவில்லை. கோயில் மதில் உயரம், உள்ளே குளம், அகலமான பிராகாரம். படை வைத்துக்கொள்ள வசதியான இடம். கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி அதற்குள் பாளையம் இறங்கினார்கள். 1781 ஜூனில் ஹைதரின் ஆட்கள் உள்ளே இருந்தார்கள். அயர் கூட் ராத்திரியில் தாக்கிப் பார்த்தார், அடிபட்டுப் பின்வாங்கினார். பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஜூலை 1-ந் தேதி, பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார். அந்த ஜூன் மாதம் நான்கு வீதிகளிலும் இருந்த ஜனங்கள் எங்கே போய் ஒளிந்தார்கள்? நம் வீடு அப்போது இல்லை, அந்த மனை இருந்திருக்கும்.

அதற்கும் முந்திய ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1648-ல் படையெடுப்புக்குப் பயந்து நடராஜரையே ஊரைவிட்டுக் கொண்டுபோனார்கள். குடுமியான்மலையில் கொஞ்சகாலம், பிறகு மதுரை. 1686-ல்தான் திரும்பக் கொண்டுவந்து எழுந்தருளச் செய்தார்கள். எத்தனை காலம் ஊரில் இல்லை என்று செப்பேட்டில் கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள்: 37 வருஷம், 10 மாதம், 20 நாள். வெறும் சிற்றம்பலத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நாளை எண்ணியிருக்கிறார். வருஷத்தோடு நிறுத்தியிருக்கலாம், நாள்வரைக்கும் எண்ணியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டுச் சண்டையில் மறுபடி திருவாரூருக்குப் போனார், திரும்பி வந்தார். கோயில் நிர்வாகம் யாருக்கு என்ற வழக்கு நம் காலத்தில் உச்ச நீதிமன்றம் வரை போய் 2014 ஜனவரியில் தீட்சிதர்கள் பக்கம் தீர்ப்பானது. அது ஒருபக்கம். எனக்கு அந்த 20 நாளை எண்ணியவரின் மனசு முக்கியம்.

இனி நம் வீடு. தாய்ப்பத்திரத்தை எடுத்து வைத்துப் படித்தேன். தாத்தா பெயருக்குக் கிரயம். தாத்தாவுக்குப் பிறகு அப்பா. அப்பாவுக்குப் பிறகு வாரிசுச் சான்றில் நீயும் நானும். எல்லாம் சுத்தம், வில்லங்கம் ஒன்றும் இல்லை. வாங்குகிறவரின் வக்கீல் பார்த்த உடனே சரி என்று சொல்லிவிடுவார்.

அந்தப் பத்திரத்தில் ஆயா எங்கே இருக்கிறாள்? முன்பணம் கொடுத்து ஆறு மாதமாகியும் மீதி புரளவில்லை, கெடு முடியப் போகிறது என்றபோது ரெட்டைவடச் சங்கிலியையும் கைவளையையும் கழற்றிக் கொடுத்தவள் அவள். "எனக்கு இது போதும்" என்று மஞ்சள்கயிறோடு நின்றதாக அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! பிறகு கொல்லையில் இரண்டு மாடு கட்டிப் பால் ஊற்றி, அந்தக் காசில் கிணற்றைத் தூர் எடுத்து உறை இறக்கினாள். மாடியில் அறை போட்டதும் பால் காசுதான். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவள் ரேகைகூட இந்த வீட்டின் எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஆனால் அவள் எழுதியது வீட்டில் இருக்கிறது. சமையலறைக் கதவைச் சாத்தினால் பின்னால் வருகிற சுவரை நினைத்துப் பார். போன மாதம் போனபோது டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தேன். அந்தப் பகுதிக்கு மட்டும் அவள் வெள்ளையடிக்க விட்டதில்லை. புகையேறிக் கறுத்த சுவரில் சுண்ணாம்புப் புள்ளிகள். ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. உழக்குக்கு ஒரு புள்ளி, அரை உழக்குக்குச் சின்னக் கீற்று. காசு வந்ததும் அந்த வரிசைமேல் காவிக்கல்லால் ஒரு கோடு. எந்த வரிசை எந்த வீடு என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஓரிடத்தில் நீளமாக ஒரு வரிசை, மேலே கோடே இல்லை. யாரோ காசு கொடுக்க முடியாதவர்களுக்கு மாதக்கணக்கில் பால் ஊற்றியிருக்கிறாள். கீழே, ஆள் உட்கார்ந்த உயரத்தில், தாறுமாறாகச் சில புள்ளிகள். அது நீயோ நானோ சுண்ணாம்புக் கரண்டகத்தைத் திருடி வைத்ததாக இருக்கவேண்டும்.

வாங்குகிறவர் வீட்டை இடித்து விடுதி கட்டப்போகிறார் என்று தரகர் சொன்னார். அது அவர் உரிமை. தரிசனத்துக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும்தான். நான் அவரைக் குறை சொல்லவில்லை. இடித்தபின் ஆயா இந்த வீட்டுக்குச் செய்ததைப் பற்றி உலகத்தில் ஒரு எழுத்தும் மிஞ்சாது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. செட்டியார் பெயராவது தங்கியது. கொத்தனார்கள் பெயரும், துணி நெய்தவர்கள் பெயரும் போயே போயிற்று. அதெல்லாம் நம்மால் தடுக்க முடிந்த காரியமா? இது நம்மால் முடியும்.

நான் கேட்பது இதுதான். கிரயப் பத்திரத்தில், சொத்து எங்களுக்குக் கிடைத்த விவரம் எழுதுகிற பத்தியில், தாத்தா பெயருக்கு அடுத்து, இந்தக் கிரயத் தொகையின் பெரும்பகுதி அவர் மனைவி தம் நகைகளை விற்றுக் கொடுத்தது என்றும், கிணறும் மாடி அறையும் அவர் பால் விற்ற பணத்தில் ஆனவை என்றும் ஆயாவின் முழுப்பெயரோடு ஒரு வாக்கியம் சேர்க்கவேண்டும். சட்டப்படி அதனால் ஒரு பாதகமும் இல்லை. உரிமையை மாற்றாது, வரியைக் கூட்டாது, வாங்குகிறவருக்கும் நஷ்டமில்லை. வக்கீல் தேவையில்லாத வரி என்பார். தேவை என்று நீயும் நானும் சேர்ந்து சொன்னால் எழுதித்தான் ஆகவேண்டும். பதிவான பத்திரம் நிரந்தரமாக ஆவணக் காப்பில் இருக்கும். நூறு வருஷம் கழித்து யாராவது அந்த மனைக்கு வில்லங்கம் போட்டு நகல் எடுத்தால் அவள் பெயர் வரும்.

அந்தச் சுவரை நல்ல கேமராவில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க இங்கே ஒரு பையனிடம் சொல்லியிருக்கிறேன். அந்தச் செலவு என்னுடையது. பத்திரப் பதிவுக்கு நீ வரும்போது குழந்தைகளையும் அழைத்து வா. லீவு கிடைக்காது என்று சொல்லாதே. ஒரு நாள் தேவனாம்பட்டினம், ஒரு நாள் சிதம்பரம். பாப்பாவுக்கு அந்தச் சுவரை நானே காட்டவேண்டும்.

பத்திர எழுத்தர் வரும் புதன்கிழமை வரைவு தயார் செய்கிறார். அதற்குள் உன் சம்மதத்தை எழுதி அனுப்பு. ஆயாவின் இனிஷியல் உனக்கு நிச்சயமாகத் தெரிந்தால் அதையும் எழுது. ரேஷன் கார்டில் ஒருமாதிரியும் பழைய வாக்காளர் பட்டியலில் வேறுமாதிரியும் இருக்கிறது.

அன்புடன்,
உன் அக்கா